கட்டிலுக்கு மேலே எழுதாத பெயர்

இருபத்தெட்டு வருஷத்தில் நர்ஸ் பத்ரியா ஒரு நாள்கூட ஊசியை ஆள் மாற்றிப் போட்டதில்லை என்று அமாரா நகரத்தில் பாதிப் பெண்கள் சத்தியம் செய்வார்கள். மீதிப் பாதி அந்த ஆஸ்பத்திரிக்கு வரவேண்டிய தேவையே இல்லாத புண்ணியவதிகள். ஆகஸ்ட் மாதத்தின் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிவரை அது உண்மையாகவும் இருந்தது.

எட்டே முக்காலுக்கு அவள் மருந்துத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தபோது, கதவோரத்து ஒன்பதாம் கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது. ரொட்டிக்கடைக்காரர் ஜப்பாரின் தாய், அதனால் எல்லாருக்கும் உம்மு ஜப்பார். முற்றிய சர்க்கரை நோய். பத்து நாளாக நான்காம் கட்டிலில் இருப்பவள்.

"என் ஊசி எப்பத்தான் வரும், கண்ணு? ரொட்டியை முன்னாடி வெச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் பார்த்துக்கிட்டே இருக்கிறது?"

நான்காம் கட்டில்காரிக்கு ஒன்பதாம் கட்டிலில் என்ன வேலை? பத்ரியா மெதுவாகத் திரும்பி ஜன்னல் பக்கம் பார்த்தாள். நான்காம் கட்டிலில், கூலருக்கு நேர் எதிரே, இன்னொரு உம்மு ஜப்பார் சுகமாகச் சாய்ந்திருந்தாள். சதுப்பு நிலத்துக் கிராமத்திலிருந்து சிறுநீரகக் கோளாறோடு வந்தவள். சர்க்கரை நோய் என்ற பேச்சே அவளுக்குக் கிடையாது. கால் மணி நேரத்துக்கு முன்பு பத்ரியா தன் கையாலேயே இருபத்துநான்கு யூனிட் இன்சுலின் ஏற்றியது அவளுக்குத்தான்.

பத்ரியா மருந்து மேசையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

நடந்தது ஒரு நிமிஷத்தில் விளங்கிவிட்டது. விடியற்காலையில் கரண்ட் போயிருக்கிறது. ஜெனரேட்டரில் ஜன்னல் பக்கத்துக் கூலர் மட்டும் ஓடும். ரொட்டிக்கடைத் தாய்க்கு அந்தக் காற்று பட்டால் முழங்கால் குடைச்சல். கிராமத்துக்காரிக்கோ கதவோரத்துப் புழுக்கம் தாங்கவில்லை. இருவரும் பேசிவைத்துக் கட்டிலை மாற்றிக்கொண்டார்கள். இரண்டு பேருமே ஜப்பாரின் அம்மாதானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று சிரித்துக்கொண்டார்களாம். பத்ரியா நான்காம் கட்டிலுக்குப் போய் "உம்மு ஜப்பார்?" என்று மருந்துத் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே வழக்கம்போலக் கேட்டாள். கிழவி "ஆமா கண்ணு" என்று கையை நீட்டினாள். கேட்டதும் சரி, பதிலும் சரி. ஆள்தான் தப்பு.

இதில் பத்ரியாவை அறைந்தது வேறொன்று. சொந்தப் பெயரை விட்டுப் பிள்ளையின் பெயரால் கூப்பிடுகிற இந்த வழக்கத்தை அந்த வார்டில் கொண்டுவந்தவளே அவள்தான்.

நாட்டின் மேல் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், ஊசியைக் கொதிக்கவைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்திய காலத்தில், பதினெட்டு வயசில் நர்ஸாக வந்தவள் அவள். ஊரான் உடம்பைத் தொடுகிற பெண்ணை எவன் கட்டுவான் என்று அத்தைக்காரி ஒப்பாரி வைத்தாள். பெண்கள் வார்டில் மட்டும்தான் வேலை என்று அவள் அப்பாவின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்த பிறகே அனுப்பினார்கள். அப்போது கட்டிலுக்கு மேலே நோயாளியின் சொந்தப் பெயரை அட்டையில் எழுதி மாட்டுவது வழக்கம். மூன்றாம் வருஷம் ஒருவன் வந்தான். தன் தாயின் பெயர் சுவரில் தொங்குவதைப் பார்த்ததும் அவன் முகம் கறுத்துவிட்டது. கண்ட எடுபிடிப் பயலும் படிக்கவா எங்கம்மாவுக்குப் பெயர் வைத்தார்கள் என்று அட்டையைக் கிழித்து, பத்ரியாவின் காலடியில் போட்டு மிதித்தான். அவள் வீட்டுக்குப் போய் அழுதாள். மறுநாள் யாரும் சொல்லாமலே பன்னிரண்டு அட்டைகளையும் மாற்றி எழுதினாள். இனி எல்லாரும் இன்னாருடைய அம்மா. பிள்ளைகளுக்குப் பரம திருப்தி. தலைமை நர்ஸ் அவளை மெச்சினாள். இத்தனை வருஷமும் அதை மரியாதை என்றே அவளும் நம்பிக்கொண்டிருந்தாள். அது பயம் என்று இப்போதுதான் தெரிந்தது.

முதல் வேலையாக நான்காம் கட்டில் கிழவிக்கு நாலு ஸ்பூன் சர்க்கரை போட்டு டீ கலந்து கொடுத்தாள். விரலில் குத்தி ரத்தத்தில் சர்க்கரை பார்த்தாள். தொண்ணூற்று நாலு. பிறகு டாக்டர் முஹன்னதைத் தேடி ஓடினாள். முஹன்னத் படிப்பு முடித்து ஒன்றரை வருஷம் ஆனவன், நல்ல பையன், கெட்டிக்காரன். கேட்டதும் அவன் முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது.

மருந்து சாயங்காலம் தாண்டியும் வேலை செய்யும் என்றான். சிறுநீரகம் சரியில்லாத உடம்பு, சீக்கிரம் வெளியே தள்ளாது. குளுக்கோஸ் பாட்டில் ஏற்றி, அரை மணிக்கொரு தரம் சர்க்கரை பார்த்துக்கொண்டே இருந்தால் பிழைத்துக்கொள்வாள். கண்ணை எடுத்தால் தூக்கத்திலேயே போய்விடுவாள். இதெல்லாம் மடமடவென்று சொன்னவன், கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. பதிவேட்டுலயும் எழுத வேணாம். கேட்டா பலவீனத்துக்கு பாட்டில் போட்டிருக்கோம்னு சொல்லிக்கலாம். அந்தம்மா பிள்ளை யாருன்னு பார்த்தீங்கல்ல? என் குழந்தைக்கு இப்பதான் எட்டு மாசம்."

பார்த்திருந்தாள்; அப்படிப்பட்டவர்கள் என்ன செய்வார்கள் என்றும் பார்த்திருந்தாள். போன குளிர்காலத்தில் நெஞ்சுவலிக்காரர் ஒருவர் அவசரப் பிரிவில் இறந்துபோனார். யார் மேலும் தப்பில்லை. மறுநாள் அவரைப் பார்த்த டாக்டரின் வீட்டு இரும்புக் கதவில் பதினோரு குண்டுத் துளைகள். அவர் பெண்டாட்டி பிள்ளையோடு ராத்திரியோடு ராத்திரியாக வடக்கே போனவர் திரும்பவில்லை. கூட இருந்த நர்ஸின் அண்ணன் தம்பிகள் மூன்று மாதம் நஷ்டஈடு பேச இறந்தவரின் குலத்துப் பெரியவர்கள் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்து எழுந்தார்கள். பத்ரியாவுக்கு அண்ணன் தம்பி இல்லை. புருஷன் நாஜி பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவர். பல்லியைக்கூட அடிக்கமாட்டார். கல்லூரிக்குப் போகிற ஒரு மகள், ரிஹாம். ஆற்றுப்பாலத்தைக் கடந்து தனியாக நடந்து போகிற பெண்.

ஆகவே பத்ரியா வாயைத் திறக்கவில்லை. பாட்டிலை மாட்டினாள். ரொட்டிக்கடைத் தாய்க்கு அவளுடைய ஊசியைப் போட்டாள். பலவீனம் என்றாள். அந்தப் பொய் வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது அவளுக்கே வியப்பாக இருந்தது. ஒன்றரை மணி நேரம் அது தாங்கவும் செய்தது.

பத்தரை மணிக்கு கிராமத்துக் கிழவியின் மகன் ஜப்பார் வந்தான். நாற்பது வயது, வெயிலில் கருகிய ஆள். பழுப்பு நிற அங்கிக்கு அடியில் இடுப்பில் ஒரு புடைப்பு. அது என்ன என்று கேட்க யாருக்கும் தோன்றாது. சித்தப்பா மகன்கள் இரண்டு பேர் கதவிலேயே நின்றுகொண்டார்கள். அன்றைக்கு அம்மாவை வீட்டுக்கு அழைத்துப்போகலாம் என்று முந்தின நாளே ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள், அதற்காக வந்திருந்தான். இன்னும் ஒரு நாள் இருக்கட்டும், ஒரு பரிசோதனை பாக்கி என்று முஹன்னத் சொல்லிப்பார்த்தான். ஜப்பார் கேட்பதாக இல்லை. சதுப்பில் தண்ணீர் வற்றிக்கொண்டே வருகிறது. எருமைகளை அன்றைக்கே ஆழமான பக்கம் ஓட்டியாகவேண்டும். தம்பி ஒருவன் தனியாகத் தவிக்கிறான். ஒவ்வொரு நாளும் ஒரு பரிசோதனை என்று இழுத்தடிக்கிற இந்த ஆஸ்பத்திரியின் வித்தையெல்லாம் அவனுக்கும் தெரியும். டாக்டர் சொல்லைக் கேட்காமல் என் பொறுப்பில் அழைத்துப்போகிறேன் என்று கைநாட்டு வைக்கிற காகிதம் உண்டே, அதைக் கொண்டு வா என்றான். முஹன்னத் பத்ரியாவை ஒரு பார்வை பார்த்தான். பிறகு கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, காகிதம் என் அறையில் இருக்கிறது, வாங்க என்று ஜப்பாரை அழைத்துப்போனான்.

பத்ரியா கட்டிலுக்குத் திரைச்சீலையை இழுத்துவிட்டாள். கைநாட்டு வைத்து வர ஐந்து நிமிஷம் ஆகும். ஊருக்கு லாரியில் இரண்டு மணி நேரம், பிறகு படகில் ஒரு மணி நேரம். சர்க்கரை எழுபத்தொன்று, பாட்டில் ஏறிக்கொண்டிருக்கும்போதே.

கிழவியின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். ஆள் மாறியது, மருந்து என்ன, அது என்ன செய்யும், ஏன் போகக்கூடாது, தப்பு யாருடையது.  கிழவி வாயைப் பிளந்து கேட்டாள். கத்துவாள் என்று பத்ரியா எதிர்பார்த்தாள். கிழவி கத்தவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் எட்டிப்பார்த்துவிட்டு, பத்ரியாவின் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

"என் மவன்கிட்ட சொல்லித் தொலைச்சிடாத, பொண்ணே. அவனைப் பெத்தவ நான், அவன் கோவம் எனக்குத் தெரியும். உனக்கும் புள்ளைகுட்டி இருக்கும்ல. வழியெல்லாம் பேரீச்சம்பழம் தின்னுக்கிட்டே போயிடறேன். நான் உன்னைக் காட்டிக் குடுக்கமாட்டேன்."

உண்மையைச் சொல்லவேண்டும். அந்த நொடியில் பத்ரியாவுக்கு ஒரு பெரிய நிம்மதி வந்தது. நர்ஸ் பள்ளியில் நான்கு கோட்பாடுகள் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நன்மை செய், தீங்கு செய்யாதே, எல்லாருக்கும் ஒரே நியாயம், நோயாளியின் விருப்பத்தை மதி. இருபது மார்க் கேள்வி அது. அவள் பதினெட்டு வாங்கினாள். இதோ நோயாளியே தன் விருப்பத்தைச் சொல்லிவிட்டாள்! மதித்துவிட்டுப் போகவேண்டியதுதானே. பயந்தவர்களுக்குச் சாக்கு மட்டும் எங்கிருந்துதான் இவ்வளவு சுலபமாகக் கிடைக்கிறதோ.

ஆனால் படகு அவள் கண்ணில் வந்து நின்றது. உச்சி வெயில். கிழவி படகில் கண்ணை மூடிப் படுத்திருப்பாள். அம்மா அசந்து தூங்குகிறாள் என்று ஜப்பார் நினைப்பான். முகத்தில் வெயில் படாமல் தன் தலைத்துணியை எடுத்துப் போர்த்துவான். எழுப்பமாட்டான். நல்ல பிள்ளை, எழுப்பவே மாட்டான்.

பத்ரியா திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். ஜப்பார் கட்டைவிரல் மையைத் துடைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தான்.

"தம்பி, அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போகாதீங்க. காலைல நான் அவங்களுக்குத் தப்பான ஊசி போட்டுட்டேன். வேற ஒருத்தங்களுக்குப் போடவேண்டியது. டாக்டர் மேல தப்பில்ல. நான்தான். இப்ப வழியில போனா உங்கம்மா செத்துப்போயிடுவாங்க. இங்க இருந்தா காப்பாத்திடலாம்."

 கதவில் நின்றவர்களில் ஒருவன் உள்ளே வந்தான். ஜப்பார் கையை உயர்த்தி அவனை நிறுத்தினான். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று பத்ரியா பிறகு பலமுறை நினைத்திருக்கிறாள்.

"உன் பேரு என்ன?"

"பத்ரியா."

"யாரு பொண்ணு? எந்தக் குலம்?"

சொன்னாள். அப்பா பெயர், தாத்தா பெயர், குலம், எல்லாம். புருஷன் எங்கே வேலை பார்க்கிறார் என்றும் கேட்டான். அதையும் சொன்னாள். அவன் உதடு அசைந்தது. மனப்பாடம் செய்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. பிறகு கட்டிலருகே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"பிழைச்சு எந்திரிச்சாங்கன்னா விடிஞ்சதும் பேசிக்கலாம். எந்திரிக்கலைன்னா இன்னிக்கே பேசிக்கலாம்."

பத்ரியா போய்ப் பதிவேட்டை எடுத்து, நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இனி மறைக்க என்ன இருக்கிறது? எழுத்து கோழி கிளறிய மண்போல இருந்தது.

அன்று பகல் எப்படிப் போயிற்று என்று அவளைக் கேட்டால் எண்களில்தான் சொல்வாள். பதினொன்றரைக்கு அறுபத்தெட்டு. ஒரு மணிக்கு ஐம்பத்தெட்டு. ஒவ்வொரு தரமும் விரலில் குத்திவிட்டு, புத்தி தெளிவாக இருக்கிறதா என்று பார்க்கப் பெயரைக் கேட்பாள். கிழவி "உம்மு ஜப்பார்" என்பாள். சித்தப்பா மகன்கள் இருவரும் பத்ரியாவின் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு தரம் தண்ணீர் குடிக்கத் தாழ்வாரத்துக்குப் போனபோது ஒருவன் பின்னாலேயே வந்து, அவள் குடித்து முடிக்கும்வரை நின்று, பின்னாலேயே திரும்பி வந்தான். ரிஹாமுக்குப் போன் செய்து பாலத்து வழியே வராதே என்று சொல்ல நினைத்தாள். அவன் நின்ற இடத்தில் போனை எடுக்கக் கை வரவில்லை.

முஹன்னத் ஓடிவிடுவான் என்று நினைத்தாள். இரண்டு மணிக்கு அவன் வந்தான். வேர்த்து விறுவிறுத்திருந்தான். கட்டிலின் மறுபக்கம் நின்று, இரண்டாவது கையில் இன்னொரு பாட்டிலுக்கு நரம்பு தேடத் தொடங்கினான். அவன் வந்து நின்றதற்காக அவனை அவள் ஆயுசு முழுக்க மன்னிக்கத் தயாராக இருந்தாள்.

மூன்று மணிக்கு முப்பத்தெட்டு.

கிழவியின் கழுத்து, மார்பு, தலையணை எல்லாம் நனைந்து ஊறியிருந்தது. கண் திறந்திருந்தது, யாரையும் பார்க்கவில்லை. பெயரைக் கேட்டதற்கு ஏதோ குழறினாள். "யும்மா!" என்று ஜப்பார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். அவன் கை இடுப்புக்குப் போனதா, சும்மா ஆடியதா என்று பத்ரியா பார்க்கவில்லை. பார்க்க நேரமில்லை. பயம் இருந்தது, ஆனால் அது அறைக்கு வெளியே காத்திருக்கிற ஆள்போல, கொஞ்சம் தள்ளி இருந்தது. கெட்டியான குளுக்கோஸை ஊசியில் இழுத்து மெல்ல, மெல்ல நரம்பில் ஏற்றினாள். வேகமாக ஏற்றினால் நரம்பு வெந்துவிடும். ஏற்றி முடித்து, கிழவியின் கன்னத்தைத் தட்டினாள்.

"சொல்லுங்க. உங்க பேரு என்ன?"

 இன்னொரு தரம் கேட்டாள். ஒரு நிமிஷம் போயிற்று. கிழவியின் கண் மெதுவாகக் கூரையிலிருந்து இறங்கி வந்து பத்ரியாவின் முகத்தில் நின்றது.

"ஹஸ்னா."

பத்ரியாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இது தெளிவா, பிதற்றலா? இந்தப் பெயரை அவள் கேட்டதே இல்லை. அடையாளக் காகிதம் இல்லாமல் வந்தவள் என்பதால் கோப்பிலும் ஜப்பாரின் தாய் என்றுதான் இருந்தது. வார்டு முழுக்கத் தேடினாலும் இந்தப் பதில் சரியா தப்பா என்று சொல்லக்கூடிய ஆள் ஒருவன்தான்.

"தம்பி, இது சரியா?"

ஜப்பார் தரையைப் பார்த்தான். சித்தப்பா மகன்கள் நிற்கிறார்கள், வெளியாள் டாக்டர் நிற்கிறான், பதினோரு கட்டில்களிலும் காது. மெல்லத் தலையை அசைத்தான்.

"தலையாட்டினா போதாது. நான் காதுல வாங்கினது சரியான்னு தெரியணும். வாயால சொல்லுங்க."

சொன்ன பிறகுதான் யாரிடம் இப்படிப் பேசுகிறோம் என்று அவளுக்கு உறைத்தது.  ஜப்பார் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"ஹஸ்னா," என்றான். பிறகு, வேறு யாரோ கேட்டதுபோல, இன்னும் உரக்க: "எங்கம்மா பேரு ஹஸ்னாதான்."

நான்கு மணிக்கு எண்பத்தொன்பது. சூரியன் சாயும்போது நூற்றுப்பத்து. கிழவி தயிர் வேண்டும் என்று கேட்டாள். ஜப்பார் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை; பத்ரியாவோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை. அடுத்த முறைக்கார நர்ஸிடம் எல்லாவற்றையும் மூன்று தரம் ஒப்பித்துவிட்டு வீட்டுக்குப் போனாள். நாஜி கேட்டதும் மகளைத் தன் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டுவந்தார். கதவுக்கு உள்பக்கம் அலமாரியை நகர்த்தி வைத்தார். பூகோள வாத்தியாரால் முடிந்தது அவ்வளவுதான்.

விடிந்ததும் வேலைக்குப் போகாதே என்றார். போகாவிட்டால் அவர்கள் இங்கே வருவார்கள் என்றாள்.

கையில் பன்னிரண்டு வெள்ளை அட்டைகளோடு வார்டுக்குள் நுழைந்தாள். ஒவ்வொரு கட்டிலாகப் போய், குனிந்து, நோயாளியின் காதருகே சொந்தப் பெயரைக் கேட்டு எழுதினாள். சிலர் சிரித்தார்கள். ரொட்டிக்கடைத் தாய் தன் பெயரைச் சொல்லிவிட்டுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான்காம் கட்டிலில் கிழவி தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பாமல், தெரிந்த பெயரை எழுதிச் சுவரில் மாட்டித் திரும்பினால், பின்னால் ஜப்பார்.

அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்குப் படிக்கத் தெரியாது.

"அதுல என்ன எழுதியிருக்க?"

இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் கிழித்து மிதிக்கப்பட்ட அட்டை அவள் காலடியில் கிடப்பதுபோல இருந்தது. பொய் சொல்லலாம். உம்மு ஜப்பார் என்று எழுதியிருக்கிறது என்றால் நம்பிவிட்டுப் போய்விடுவான்.

"ஹஸ்னான்னு எழுதியிருக்கேன்."

ஜப்பார் கையை நீட்டி அட்டையை எடுத்தான். விரலால் எழுத்தின் மேல் ஒரு தரம் தடவினான். கதவோரம் நின்ற சித்தப்பா மகன்களைத் திரும்பிப் பார்த்தான். அவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். அட்டையை அவளிடமே நீட்டினான்.

"இன்னொரு ஹஸ்னா வந்தா என்ன பண்ணுவ? எங்கம்மாவோட அப்பா பேரு ஸகர். அதையும் சேர்த்து எழுது."

பத்ரியா பேனாவைத் திறந்தாள். மூடி கையிலிருந்து நழுவிக் கட்டிலுக்கடியில் உருண்டது. ஜப்பாரே குனிந்து எடுத்துக்கொடுத்தான். நிமிரும்போது அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

"நீ நேத்து ஒரு பேரும் குலமும் சொன்னியே, அது எனக்கு மறந்துபோச்சு. இதை மட்டும் ஒழுங்கா எழுது."

 பத்ரியா அட்டையைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஸகரின் மகள் ஹஸ்னா என்று எழுதி முடித்தாள்.